800-ஆ, 1000-ஆ, 1200-ஆ? கடலூர், புதுச்சேரி பக்கம் பழைய சின்ன கார் வாங்குவோருக்கான எஞ்சின் வழிகாட்டி

கார் கன்சல்டிங்குக்கு வருகிறவர்கள் வழக்கமாக மூன்று கேள்வி கேட்பார்கள். எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கு? எத்தனையாவது ஓனர்? மைலேஜ் என்ன தரும்? மூன்றும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஆனால் ஒரே மாடலில் இரண்டு எஞ்சின்கள் வந்திருக்கும்போது இதில் எது என்று கேட்பவர் குறைவு. ஆல்ட்டோ என்றால் ஆல்ட்டோ, க்விட் என்றால் க்விட் என்று நினைத்து முன்பணம் கொடுத்துவிடுகிறார்கள். குடும்பத்தோடு மேல்மலையனூர் கிளம்பி, ஏ.சி. போட்டு, ஒரு லாரியை முந்தப் பார்க்கும் நேரத்தில்தான் வண்டி முக்குவது தெரிகிறது. அதற்குள் ஆர்.சி. பெயர் மாறியிருக்கும்.

எஞ்சின் சக்தியை வேகத்துக்கான விஷயமாகப் பார்க்க வேண்டாம். எதிர்ப்பக்கத்தில் வண்டி வருவதற்குள் முந்தி முடித்து நம் பக்கத்துக்குத் திரும்பிவிடத் தேவையான கையிருப்பு அது. அந்தக் கையிருப்பு உங்களுக்கு எவ்வளவு வேண்டும் என்று முதலில் கணக்குப் போடுங்கள். வண்டி பார்க்க அதற்குப் பிறகு போகலாம்.

முதல் படி: உங்கள் ஓட்டத்தை ஒரு தாளில் எழுதுங்கள்

கார் யாரை, எங்கே, எத்தனை நாளுக்கு ஒருமுறை ஏற்றிப் போகப்போகிறது? இதை மனதுக்குள் நினைத்தால் போதாது, எழுதுங்கள். எழுதும்போதுதான் ஆசை ஒரு பக்கமும் தேவை ஒரு பக்கமும் பிரியும்.

திருப்பாப்புலியூரிலிருந்து மஞ்சக்குப்பத்துக்குப் பிள்ளைகளைப் பள்ளியில் விடுவது, மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரை, ஞாயிற்றுக்கிழமை சந்தை என்று ஊருக்குள்ளேயே சுற்றும் வண்டி ஒரு வகை. புதுச்சேரி நேரு வீதி, முதலியார்பேட்டை, அரியாங்குப்பம் நெரிசலில் ஓடுவதும் இதே வகைதான். இரண்டாவது கியருக்கு மேல் போகவே வாய்ப்பு குறைவு.

கடலூரிலிருந்து தினமும் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருபவர், ஜிப்மருக்குப் பெரியவர்களை அடிக்கடி அழைத்துப் போகிறவர், நெய்வேலிக்கோ சிதம்பரத்துக்கோ வாரம் சில நாள் ஓட்டுகிறவர் இரண்டாவது வகை. இவர்களுக்கு பஸ், டிப்பர் லாரி, கரும்பு ஏற்றிய டிராக்டர் எல்லாவற்றையும் முந்தும் வேலை உண்டு. நெல்லிக்குப்பம் வழியாகப் பண்ருட்டி போகும் சாலையில் கரும்பு வெட்டுக் காலத்தில் ஓட்டியவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

மாதம் ஓரிரு முறை நாலைந்து பேரோடு சென்னை, திருவண்ணாமலை என்று கிளம்புகிறவர்களும், அடிக்கடி ஏற்காடு மலை ஏறுகிறவர்களும் மூன்றாவது வகை.

எந்தப் பயணம் மாதத்துக்கு இரண்டு தடவையாவது வருகிறதோ, அதில் எது கடினமானதோ, அதற்கு ஏற்ற எஞ்சினைப் பாருங்கள். தினசரி ஓட்டத்தை மட்டும் பார்த்து எடுத்தால் மாதக் கடைசியில் திணறுவீர்கள். வருடத்தில் ஒருநாள் வரும் மலைப் பயணத்துக்காகப் பெரிய எஞ்சின் எடுத்தால் அது தேவையில்லாத செலவு. அன்றைக்கு வாடகை வண்டி வைத்துக்கொள்வதே லாபம்.

இரண்டாம் படி: எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

சிசி என்பது எஞ்சினின் கொள்ளளவு. சக்தி எவ்வளவு என்பதை அது நேரடியாகச் சொல்லாது. பார்க்க வேண்டிய எண்கள் மூன்று: குதிரைத்திறன், டார்க் எனப்படும் இழுவிசை, வண்டியின் எடை.

குதிரைத்திறன் உச்சத்தைத் தொடுவது பெரும்பாலான சின்ன பெட்ரோல் எஞ்சின்களில் நிமிடத்துக்கு 6,000 சுற்று பக்கத்தில். நாம் அன்றாடம் ஓட்டுவதோ 2,000 முதல் 3,500 சுற்றுக்குள். அந்த இடத்தில் வண்டியை இழுப்பது டார்க். மூன்றாவது கியரில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்து ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி உடனே கேட்கிறதா, இல்லை கியரைக் குறைத்தால்தான் நகர்கிறதா என்பது டார்க்கைப் பொறுத்தது. பிக்கப் என்று நாம் சொல்வதில் பாதிக்கு மேல் இதுதான்.

எடையை யாரும் பார்ப்பதில்லை, நான் முதலில் பார்ப்பது அதைத்தான். குதிரைத்திறனை, ஆட்களோடு சேர்ந்த மொத்த எடையால் வகுத்துப் பாருங்கள். பெரியவர்கள் நாலு பேர், கொஞ்சம் பை மூட்டை எல்லாம் சேர்த்து 300 கிலோ என்று வைத்துக்கொள்வோம்.

ஆல்ட்டோ 800-இல் 796 சிசி எஞ்சின், 48 குதிரைத்திறன். வண்டி எடை சுமார் 720 கிலோ. ஆட்களோடு 1,020 கிலோ. ஒரு டன்னுக்கு 47 குதிரைத்திறன் வருகிறது. ஆல்ட்டோ கே10-இல் 998 சிசி, 68 குதிரைத்திறன், எடை கொஞ்சம்தான் அதிகம். டன்னுக்கு 65 வருகிறது. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும் இரண்டு வண்டிகளுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

என் கணக்கில், ஆட்களோடு டன்னுக்கு 50-க்குக் கீழே இருந்தால் அது ஊருக்குள் ஓட்ட மட்டும். 55-லிருந்து 60 வரை என்றால் பொறுமையாக ஓட்டுகிறவர் நெடுஞ்சாலையிலும் சமாளிக்கலாம். 60-ஐத் தாண்டினால் முழு ஆட்களோடும் ஏ.சி.யோடும் நிம்மதியாக முந்தலாம். இது நூல் பிடித்த கோடு கிடையாது. ஆனால் நீங்கள் பார்க்கும் வண்டி எந்தப் பக்கம் நிற்கிறது என்று தெரிந்துவிடும்.

ஏ.சி.யையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கம்ப்ரஸர் எஞ்சினிலிருந்து சில குதிரைத்திறனை எடுத்துக்கொள்ளும். 83 இருக்கும் எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது, 48 இருக்கும் எஞ்சினுக்கு நன்றாகத் தெரியும். நம் ஊர் அக்னி நட்சத்திர வெயிலில் ஏ.சி.யை அணைத்துவிட்டு முந்துங்கள் என்று யாரிடமும் சொல்ல முடியாது. சில சின்ன கார்களில் ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்தியதும் கம்ப்ரஸர் தானாகவே சில விநாடி நின்று, பிறகு ஓடும். அந்த நேரம் காற்று லேசாகச் சூடாக வந்தால் ஏ.சி. பழுது என்று பயப்பட வேண்டாம்.

மூன்றாம் படி: எந்த மாடலில் எந்த எஞ்சின்

ரெனோ க்விட் முதலில் 799 சிசி எஞ்சினோடு வந்தது. 54 குதிரைத்திறன், 72 நியூட்டன் மீட்டர் டார்க். 2016-இல் 999 சிசி வந்தது: 68 குதிரைத்திறன், 91 நியூட்டன் மீட்டர். உடல் லேசானது என்பதால் 800-கூட ஆல்ட்டோ 800-ஐ விட நன்றாக இழுக்கும். 1.0, அதாவது 1000 சிசி க்விட், நாலு பேரோடு தைரியமாகப் போகும். ஒரகடத்தில் தயாரான வண்டி. அதே எஞ்சின்கள்தான் டட்ஸன் ரெடி-கோவிலும். ஆனால் டட்ஸன் பிராண்டை 2022-இல் இந்தியாவில் நிறுத்திவிட்டார்கள். எஞ்சின் சாமான் கிடைக்கும், பம்பர், விளக்கு போன்ற உடல் பாகங்களுக்கு அலைய வேண்டியிருக்கலாம். விலையில் அதைக் குறைத்துக் கேளுங்கள்.

ஹூண்டாய் இயானில் பெரும்பாலும் 814 சிசி, 56 குதிரைத்திறன். 1.0 இயான் அபூர்வமாக வரும். கிடைத்தால் அதை எடுங்கள். பழைய ஐ10-இல் 1.1 எஞ்சினும் 1.2 கப்பா எஞ்சினும் உண்டு: முதலாவது 69 குதிரைத்திறன், இரண்டாவது 80. இரண்டுமே நாலு சிலிண்டர் என்பதால் அதிர்வு குறைவு. 2018-இல் திரும்ப வந்த சான்ட்ரோவிலும் 1.1 எஞ்சின், 69 குதிரைத்திறன், 99 நியூட்டன் மீட்டர். எண் சின்னதாகத் தெரிந்தாலும் கீழ்ச்சுற்றில் நன்றாக இழுக்கும். முழங்கால் வலி உள்ள பெரியவர் ஓட்டப்போகிறார், அடிக்கடி கியர் மாற்ற முடியாது என்றால் இது நல்ல தேர்வு.

அதிகக் குழப்பம் வருவது 2019-க்குப் பிந்தைய வேகன் ஆரில். ஒரே உடல், இரண்டு எஞ்சின். 998 சிசி மூன்று சிலிண்டர் 68 குதிரைத்திறன், 90 நியூட்டன் மீட்டர். 1,197 சிசி நாலு சிலிண்டர் 83 குதிரைத்திறன், 113 நியூட்டன் மீட்டர். எடையில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு பேரோடு டன்னுக்கு முதலாவதில் 61, இரண்டாவதில் 73. ஊருக்குள் ஓட்டினால் 1.0 எந்தக் குறையும் வைக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாதம் இருமுறை சென்னை போகிறவர் 1.2-ஐத் தேடிப் பிடிப்பது நல்லது. உயரமான வண்டி, காற்றை முட்டிக்கொண்டு போகிறது. 80-க்கு மேல் 1.0 எஞ்சின் சத்தமாகவே உழைக்கும், 1.2 அமைதியாகப் போகும்.

ஸ்விஃப்ட் 1.2, கிராண்ட் ஐ10 1.2 இரண்டும் 83 குதிரைத்திறனை ஒட்டியவை. டாடா டியாகோ 1.2 பெட்ரோல் மூன்று சிலிண்டர், 85. இவற்றில் சக்தி போதுமா என்ற கேள்வியே வராது. வண்டியின் நிலைமையைப் பாருங்கள், போதும்.

1200 என்ற எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு பழைய போலோ 1.2 பெட்ரோல் நல்ல உதாரணம். மூன்று சிலிண்டர், 75 குதிரைத்திறன். ஆனால் வண்டியே 1,000 கிலோவுக்கு மேல். ஆட்களோடு டன்னுக்கு 56 பக்கம்தான் வரும், க்விட் 1.0-ஐ விடக் குறைவு. உறுதியான வண்டி, சாலையைப் பிடித்து ஓடும். பிக்கப் மட்டும் எதிர்பார்க்க வேண்டாம். டர்போ போலோ வேறு ரகம். அதற்கான பராமரிப்புச் செலவும் வேறு ரகம்.

ஏ.எம்.டி., அதாவது கிளட்ச் மிதிக்காமல் தானாக மாறும் கியர் உள்ள வண்டி என்றால் ஒரு படி பெரிய எஞ்சினாகப் பாருங்கள். கியர் மாறும்போது வரும் சின்னத் தாமதம், சக்தி குறைந்த எஞ்சினில் இரட்டிப்பாகத் தெரியும்.

நான்காம் படி: பெரிய எஞ்சினுக்கு உண்மையில் எவ்வளவு கூடுதல் செலவு?

பெரிய எஞ்சின் பெட்ரோல் குடிக்கும் என்ற பயத்தில்தான் பலர் 800-ஐ எடுக்கிறார்கள். போட்டுப் பார்த்துவிடுவோம். 2019 வேகன் ஆருக்கு நிறுவனம் சொன்ன மைலேஜ் 1.0-க்கு 22.5, 1.2-க்கு 21.5. க்விட் 0.8-க்கு 25.17, 1.0-க்கு 23.01. சாலையில் இதைவிடக் குறைவாகத்தான் வரும். ஆனால் இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய அப்படியே நிற்கும்.

ஒரு வண்டி லிட்டருக்கு 18, இன்னொன்று 17 தருகிறது என்று வையுங்கள். மாதம் 800 கிலோமீட்டர் ஓட்டினால் முதல் வண்டிக்கு 44 லிட்டர், இரண்டாவதுக்கு 47. மாதம் 3 லிட்டர் வித்தியாசம், அவ்வளவே. அதோடு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகும்போது சின்ன எஞ்சினை எப்போதும் மிதித்தே ஓட்ட வேண்டியிருக்கும். அப்போது இந்த வித்தியாசமும் கரைந்துவிடும்.

இப்போது பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். 2023 ஏப்ரலுக்கு முன் வந்த வண்டிகளில் மைலேஜ் கொஞ்சம் இறங்கியிருப்பதாக ஓனர் சொன்னால் அது நியாயமான பேச்சு. அதற்காக எஞ்சினைச் சந்தேகப்பட வேண்டாம்.

இன்சூரன்ஸில் ஒரு கோடு இருக்கிறது. மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு 2022 ஜூனில் நிர்ணயித்த ஆண்டுக் கட்டணம் 1,000 சிசி வரை 2,094 ரூபாய், 1,000-க்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய், வரி தனி. 998, 999 சிசி எஞ்சின்கள் இந்தக் கோட்டுக்குக் கீழே நிற்கின்றன. சான்ட்ரோவின் 1,086 சிசி தாண்டிவிடுகிறது. வருடம் 1,300 ரூபாய் சொச்சம் வித்தியாசம். இதனால்தான் சொல்கிறேன்: 800-க்கும் 1000-க்கும் நடுவில் தடுமாறுகிறவர்கள், வண்டி நிலைமை ஒன்றுபோல இருந்தால், யோசிக்காமல் 1000-ஐ எடுக்கலாம். இன்சூரன்ஸ் ஒன்றுதான், பெட்ரோல் ஏறக்குறைய ஒன்றுதான், சாலையில் கிடைக்கும் பலம் வேறு.

1000-க்கும் 1200-க்கும் நடுவில் முதல் தாளில் எழுதிய ஓட்டம்தான் தீர்ப்பு சொல்ல வேண்டும்.

டீசலும் கேஸும்

டீசலின் இழுவை தனி. ஸ்விஃப்ட், ரிட்ஸ் வண்டிகளில் வந்த 1.3 டீசல் 75 குதிரைத்திறன்தான், ஆனால் டார்க் 190 நியூட்டன் மீட்டர், அதுவும் 2,000 சுற்றிலேயே. அஞ்சு பேரும் ஏ.சி.யும் இருப்பதே அதற்குத் தெரியாது. இதே எஞ்சின் டாடா, ஃபியட் வண்டிகளிலும் ஓடியது. சிலவற்றில் வேறு டர்போவோடு 90 குதிரைத்திறன். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலை நிறுத்திவிட்டாலும் ஊரில் இந்த எஞ்சினைப் பிரிக்கத் தெரியாத மெக்கானிக் குறைவு.

ஆனால் கிடைப்பதெல்லாம் வயதான வண்டிகள். டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச் மூன்றில் ஒன்று கை கொடுக்காவிட்டால் பல மாத எரிபொருள் மிச்சம் ஒரே பில்லில் போய்விடும். தினமும் நெய்வேலி போய் வருவது போன்ற நீண்ட ஓட்டம் இருந்தால் மட்டும் டீசல் பாருங்கள். பி.எஸ்.6 என்ற புதிய மாசு விதிப்படி வந்த டீசலில் புகைத்துகளைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கும். ஊருக்குள் குறைந்த தூரமே ஓட்டினால் அது அடைத்துக்கொண்டு வண்டியின் சக்தியைக் குறைக்கும். டெல்லிப் பக்கம் பழைய டீசல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருப்பதால் அங்கிருந்து மலிவாக வரும் வண்டிகளும் உண்டு. அவற்றின் பேப்பரை இரண்டு மடங்கு கவனமாகப் பாருங்கள்.

சி.என்.ஜி.யில் ஓட்டும்போது அதே எஞ்சினின் சக்தி பத்து சதவீதத்துக்கு மேல் குறையும், டிக்கியும் போய்விடும். 800 சிசி வண்டியில் வெளியில் மாட்டிய கிட் இருந்தால் விட்டுவிடுங்கள். 1.0 வண்டியில் இருந்தால் ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று பார்த்த பிறகு பேசுங்கள்.

ஐந்தாம் படி: சொன்ன எஞ்சின்தானா?

க்விட் 0.8-ஐயும் 1.0-ஐயும் சும்மா நின்று பார்த்தால் பிரிப்பது கஷ்டம். பின்பக்க ஸ்டிக்கரைக் கடையில் வாங்கி ஒட்டலாம். ஆர்.சி.யில் சிசி என்ற இடத்தைப் பாருங்கள்: 799-ஆ 999-ஆ, 796-ஆ 998-ஆ. எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டும் பார்க்கலாம். பிறகு பானெட்டைத் திறந்து எஞ்சின் எண்ணை ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். எஞ்சின் மாற்றியிருந்து ஆர்.சி.யில் மாற்றாமல் விட்டிருந்தால் பெயர் மாற்றும் நாளில் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் நிற்கப்போவது நீங்கள்தான்.

ஆறாம் படி: சக்தி இன்னும் மிச்சம் இருக்கிறதா என்று சோதிப்பது

இதுவரை பேசியது புதிதாக வந்தபோது இருந்த எண்கள். தேய்ந்துபோன 1.2-ஐ விட நன்றாக வைத்திருந்த 1.0 மேல். அதனால் இந்தப் படியில் அவசரப்பட வேண்டாம். நம்பிக்கையான மெக்கானிக்கை அழைத்துப் போங்கள். அவர் கூலி இந்த முழுச் செலவிலும் பிரயோஜனமான பணம்.

நீங்கள் போவதற்கு முன் வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லி வையுங்கள். போனதும் பானெட் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால், ஏதோ ஒன்றை மறைக்கத்தான் முன்கூட்டியே ஓட விட்டிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு இன்னொரு நாள் வாருங்கள். குளிர்ந்த எஞ்சின் ஒரே சாவித் திருப்பில் பிடிக்க வேண்டும். ஸ்டார்ட் ஆனதும் ஒருவர் பின்னால் நின்று புகையைப் பார்க்கட்டும். நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது, ஹெட் கேஸ்கெட் வேலை. பெட்ரோல் வண்டியில் கறுப்பு வந்தால் எரிபொருள் அதிகமாகப் போகிறது.

ஐடிலிங்கில் ஓடும்போது ஏ.சி.யைப் போடுங்கள். சுற்று ஒரு நொடி இறங்கி நிமிர வேண்டும். வண்டி உதறிக்கொண்டே இருந்தால் மவுண்ட், பிளக், காயில் என்று ஏதோ ஒன்று இருக்கிறது. மூன்று சிலிண்டர் எஞ்சினில் லேசான அதிர்வு இயல்பு. ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் ஆடுவது இயல்பில்லை. அப்புறம் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து பாருங்கள். லேசாகக் காற்று வரலாம். குபுகுபுவென்று புகையாக அடித்தால் ரிங் தேய்ந்துவிட்டது. மூடியின் அடியில் காபி நிறத்தில் நுரை ஒட்டியிருந்தால் தண்ணீர் கலந்திருக்கலாம்.

டெஸ்ட் டிரைவுக்குக் காலி வண்டியில் போகக் கூடாது. ஓனர், மெக்கானிக், வீட்டு ஆள் என்று நாலு பேராவது உட்காருங்கள். கடலூரில் இருந்தால் கேப்பர் மலை ஏறும் சாலைக்கு ஓட்டிப் போங்கள். “அண்ணே, ஏ.சி. ஓடட்டும், மூணாவது கியர்லயே ஏறிப் பாக்குறேன்” என்று ஓனரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஏற்றத்தின் தொடக்கத்தில் மூன்றாவது கியரில் 30 கிலோமீட்டர் வேகத்தில் வைத்து, ஆக்சிலரேட்டரை நிதானமாக முக்கால் பங்கு அழுத்துங்கள். இப்போது காதைத் தீட்டுங்கள். 800 சிசி என்றால் மெதுவாக ஏறும், பரவாயில்லை. ஆனால் ஒரே சீராக ஏற வேண்டும். நடுவில் விட்டுவிட்டு இழுத்தால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை. உள்ளேயிருந்து கிட்டிகிட்டி என்று உலோகத்தில் தட்டும் சத்தம் வந்தால் கார்பன் அடைப்போ இக்னிஷன் கோளாறோ இருக்கும். எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வண்டி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது. அடிப்படை மாடல்களில் சுற்று காட்டும் மீட்டர் இருக்காது என்பதால் இதைக் காதால்தான் கண்டுபிடிக்க முடியும். எஞ்சின் பலவீனம் என்று பலர் ஒதுக்கிய வண்டியில் கிளட்ச் பிளேட் மட்டும் போயிருக்கும். அது தெரிந்தால் விலை பேச உங்கள் கையில் நல்ல பிடி கிடைக்கும்.

புதுச்சேரியில் இப்படி ஏற்றம் குறைவு. கோரிமேடு பக்கம் ஏறும் சாலை, அரும்பார்த்தபுரம் மேம்பாலம் போன்ற இடங்களைப் பயன்படுத்தலாம். அங்கே சோதனையை ஏற்றத்தோடு முடிக்காமல் திண்டிவனம் நான்குவழிச் சாலை வரை போய், நாலாவது கியரில் 60-லிருந்து 80 வரை ஏற்றிப் பாருங்கள். ஒரே மாடலில் இரண்டு எஞ்சின்களையும் ஒரே நாளில், ஒரே சாலையில், ஒரே ஆட்களோடு ஓட்டிவிட்டால் இந்த வழிகாட்டியில் பாதி தேவையே இல்லை. உங்கள் காலே சொல்லிவிடும்.

திரும்பி வந்ததும் எஞ்சினை அணைக்காமல் ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் வருகிறதா, சூடு ஏறுகிறதா, கூலன்ட் வாசனை அடிக்கிறதா என்று பாருங்கள். கடலோர உப்புக்காற்றில் ரேடியேட்டர், ஏ.சி. கண்டென்ஸர் இரண்டின் மெல்லிய தகடுகளும் பொடிந்துபோகும். அப்படிப்பட்ட வண்டியில் ஏ.சி. அதிக நேரம் ஓடி எஞ்சினுக்கும் சுமை கூடும்.

மெக்கானிக்கிடம் ஸ்கேனர் இருந்தால் மாட்டச் சொல்லுங்கள். பழுதுக் குறியீடு எதுவும் இல்லை என்று வந்தாலும், சோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அது காட்டினால், யாரோ அண்மையில்தான் குறியீடுகளை அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்குள் பத்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த எஞ்சின் வேலை கேட்கிறது.

ஏழாம் படி: வெள்ளத்தில் நின்ற வண்டியா?

நம் பகுதிக்கே உரிய சோதனை இது. 2015 நவம்பர் மழையில் கடலூர் மாவட்டம் மூழ்கியது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ரெயின்போ நகர் போன்ற இடங்களில் தண்ணீர் நின்றது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை பெருகி கடலூர்ப் பக்கம் ஊர்களுக்குள் வந்தது. அப்போது நனைந்த வண்டிகளில் பலவும் கழுவித் துடைத்து விற்பனைக்கு வந்துவிட்டன.

தண்ணீரில் ஓட்டும்போது காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் போனால், பிஸ்டன் அதை அழுத்த முடியாமல் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். லேசாக வளைந்தால் வண்டி ஓடும். ஆனால் அந்த ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் குறைவு. மூன்று சிலிண்டர் எஞ்சினில் ஒன்று பலவீனமானால் மூன்றில் ஒரு பங்கு உழைப்பில் ஓட்டை. 68 குதிரைத்திறன் என்று ஆர்.சி. பார்த்து வாங்கிய வண்டி 800 மாதிரி இழுத்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு இருந்தால் அதை யாராலும் முழுதாகத் துடைக்க முடியாது. கார்பெட்டைத் தூக்கி அடியில் துரு, ஸ்டெப்னி இருக்கும் குழியில் மண், ஏர் ஃபில்டர் பெட்டியின் அடியில் வண்டல் என்று வரிசையாகப் பாருங்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் விவரம் கேளுங்கள். சேற்றுக் கோடு கண்ணில் பட்டால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

எட்டாம் படி: பி.ஒய். வண்டியா, டி.என். வண்டியா?

கடலூர்க்காரருக்கு பி.ஒய்.01 வண்டி மலிவாகக் கிடைக்கும். புதுச்சேரியில் சாலை வரி குறைவு என்பதும் அதற்கு ஒரு காரணம். அந்த மலிவைப் பார்த்து, நினைத்ததை விடப் பெரிய எஞ்சின் அதே பணத்துக்கு வருகிறதே என்று தோன்றும். அது உண்மையிலேயே மலிவா என்று கணக்குப் போட வேண்டும். ஒரு மாநிலத்தில் பதிவான வண்டியை இன்னொரு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு புதுச்சேரி போக்குவரத்துத் துறையிடம் படிவம் 28-இல் என்.ஓ.சி. எனப்படும் ஆட்சேபணை இல்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டில் வரி கட்ட வேண்டும். வரி வண்டியின் விலையையும் வயதையும் பொறுத்தது. டி.என்.31 ஆக மாற்றிய பிறகு மொத்தம் எவ்வளவு ஆகிறது என்று முன்கூட்டியே விசாரித்து, அந்தத் தொகையை வண்டி விலையோடு கூட்டிய பிறகுதான் இரண்டு வண்டிகளையும் ஒப்பிட வேண்டும். பல நேரம் பி.ஒய். 1.2-ம் டி.என். 1.2-ம் ஒரே விலைக்கு வந்து நிற்கும்.

புதுச்சேரி எல்லையான முள்ளோடை தாண்டினால் பெட்ரோல் மலிவு என்பது தினமும் புதுச்சேரி போகிறவருக்கு நல்ல லாபம். பெரிய எஞ்சினின் கூடுதல் 3 லிட்டரில் பெரும்பகுதியை அது ஈடுகட்டிவிடும். அதற்காகவே தனியாக ஓட்டிக்கொண்டு போவதில் பிரயோஜனம் இல்லை.

ஒன்பதாம் படி: பணம் கொடுக்கும் நாள்

பெயர் மாற்றப் படிவங்கள் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். கடனில் வாங்கிய வண்டி என்றால் வங்கியின் கையெழுத்தோடு படிவம் 35-ம், கடன் முடிந்த கடிதமும் கையில் வர வேண்டும். “அப்புறம் வாங்கித் தர்றேன்” என்று சொன்னால், அதுவரை ஒரு பகுதிப் பணத்தை நிறுத்தி வையுங்கள். நிலுவையில் உள்ள போக்குவரத்து அபராதங்களையும் இணையத்தில் பார்த்துவிடுங்கள்.

வண்டி கைக்கு வந்ததும் எஞ்சின் ஆயில், ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர், கூலன்ட், பெட்ரோல் வண்டியானால் பிளக் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். பழைய ஓனர் எப்போது மாற்றினார் என்ற பேச்சே வேண்டாம். ஏர் ஃபில்டர் அடைத்திருந்த சின்ன எஞ்சினில் இது ஒன்றிலேயே பிக்கப் திரும்புவதைப் பார்க்கலாம். டயரில் சரியான காற்று இருக்கிறதா என்பதும் இதில் அடக்கம். 48 குதிரைத்திறன் எஞ்சினுக்குக் காற்றில்லாத டயர் பெரிய பாரம்.

இன்சூரன்ஸை உங்கள் பெயருக்கு மாற்ற, வண்டி கைமாறிய நாளிலிருந்து 14 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். ஆர்.சி. வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். படிவங்கள் 29, 30-இன் நகலோடு அன்றைக்கே இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வண்டிக்குள் வையுங்கள்.